அழிவுக்குப் பின் வரும் சமூகம் நம் அருங்காட்சியகப் பொருளை எப்படிப் படிக்கும்? கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுச்சூழல் சீர்குலைந்து பல நூற்றாண்டுகள் கழித்து எழும் ஒரு சமூகம், நம் காலத்து அருங்காட்சியகப் பொருளொன்றைக் கண்டெடுத்து அதற்குப் புதுப் பொருள் கற்பிப்பதாக எழுதப்படும் கதைகளில் கற்பனைக்குப் பஞ்சமில்லை. சான்றுகள் மீதான அக்கறைதான் குறைவாக இருக்கிறது. அந்த மக்கள் எதைத் தவறாகப் புரிந்துகொண்டாலும், கைக்குக் கிடைத்த தடயமும் அவர்களுடைய அன்றாடத் தேவையும் சேர்ந்தே அந்தத் தவறை உண்டாக்க வேண்டும்.

எதிர்கால மக்களை அறிவிலிகளாகக் காட்டுவது பரவலாகக் காணப்படும் தவறு. கைபேசியைப் பீடத்தில் வைத்து வணங்கும் காட்சி எழுத எளிது. ஆனால் மனிதர்கள் அறியாத பொருளை எப்போதும் அப்படி அணுகுவதில்லை. 1901-இல் கிரேக்கக் கடலில் மூழ்கிக் கிடந்த பழங்காலக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட ஆன்டிகித்தெரா கருவியில் பல்சக்கரம் தென்பட்டதுமே, அது வானியல் கருவியாக இருக்கலாம் என்று சிலர் சரியாகவே ஊகித்தார்கள். அரித்துப்போன வெண்கலத்துக்குள் மறைந்திருந்த எழுத்துகளையும் சக்கர அமைப்பையும் காண்பதற்கு எக்ஸ் கதிர்ப் படங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களிடம் குறைந்தது கருவி வசதியே அன்றி அறிவு அன்று.

எது எஞ்சும் என்று கணக்கிடாமல் எழுதுவது அடுத்த தவறு. 2018 செப்டம்பரில் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, 5 டன்னுக்கு மேல் எடையுள்ள பெண்டெகோ விண்கல் அப்படியே நின்றது. பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகள் அழிந்துபோயின. பீங்கான், கண்ணாடி, தங்கம், கல் ஆகியவை நெடுங்காலம் தாங்கும். அமிலம் கலந்த தாள் பழுத்து நொறுங்கும், இரும்பு துருவாகும், கைபேசியின் நினைவகச் சில்லிலுள்ள மின்னூட்டம் காலப்போக்கில் கசிந்துவிடுவதால், கண்ணாடித் திரை பத்திரமாக இருந்தாலும் உள்ளே படிக்க எதுவும் இருக்காது.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அருங்காட்சியகம் என்பது காலங்களைக் கலந்து வைத்திருக்கும் இடம். கட்டடம் இடிந்தால், கற்கோடரியும் வெண்கல வாளும் காவலரின் நெகிழி நாற்காலியும் ஒரே மண்ணடுக்கில் கிடக்கும். ஒன்றோடு ஒன்று கிடைப்பவை ஒரே காலத்தவை என்ற அகழாய்வு அனுமானம் அங்கே ஆய்வாளரை ஏமாற்றிவிடும். விவரப்பலகைகள் மட்கிய பின்னும், பொருளின் அடிப்பக்கத்தில் மெருகுப்பூச்சின் மேல் மையால் பொடி எழுத்தில் அருங்காட்சியகத்தார் எழுதிய பதிவெண் மட்டும் சிலவற்றில் எஞ்சியிருக்கலாம். பானையிலும் வாளிலும் ஒரே வகை எண்ணைப் பார்ப்பவர், அதை ஒரே பட்டறையின் முத்திரை என்று எடுத்துக்கொள்வது நியாயமான பிழை. அந்த ஒரு பிழையை வைத்தே முழுக் கதையையும் நடத்திச் செல்லலாம்; ஆனாலும் பெரும்பாலான கதைகளில் பதிவெண் என்ற ஒன்றே இடம்பெறுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

பயன் புரியாத பொருளை உடனே சடங்குப் பொருளாக்கிவிடுவதும், ஊர் முழுவதும் ஒரே விளக்கத்தை ஏற்பதாக எழுதுவதும் சேர்ந்தே நிகழும் தவறுகள். செம்பினாலான பழைய மழைமானி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீரைப் பங்கிட்டு வாழும் சமூகத்துக்கு, கோடுகள் இட்ட கண்ணாடிக் குடுவையும் புனலும் பங்கு அளக்கும் கருவியாகவே தெரியும். அதைக் கொண்டே பங்கீட்டு விதியும் எழுதப்பட்டிருக்கலாம். புனலின் வாய்விளிம்பு ஏன் கத்தி போலக் கூராக இருக்கிறது என்று ஒருத்தி கேட்கட்டும். குடுவையில் 10 என்ற கோடுவரை ஏறத்தாழ 127 மில்லி லிட்டர் நீர் பிடிக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் என்ன தொடர்பு என்று அவள் புனலின் வாயை அளந்தால், விட்டம் 127 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். அந்தப் பரப்பின் மேல் 10 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அதே அளவுதான் வரும் என்று அவள் கணக்கிடும்போது, அது வானத்திலிருந்து விழுந்த நீரை அளந்த கருவி என்பது வெளிப்படும். பங்கீட்டு விதியை நம்பி அதிகாரத்தில் இருப்பவர்கள் அவளை எளிதில் ஏற்கமாட்டார்கள். புரிதலில் வரும் பூசல் இப்படித் தேவையிலிருந்தும் நலனிலிருந்தும் பிறக்க வேண்டும்.

நம் காலத்தைக் கண்டிக்கும் பிரசங்கத்தை எதிர்கால மக்களின் வாயில் திணிப்பது, கதையின் முடிவில் எல்லாவற்றையும் விளக்கும் நாட்குறிப்பொன்றைக் கண்டெடுக்கச் செய்வது ஆகிய இரண்டும் நம்பகத்தன்மையைக் குலைப்பவை. கிரீட் தீவின் நோசோஸ் அரண்மனையில் எரிந்த தீ, அங்கிருந்த சுடப்படாத களிமண் எழுத்துப் பலகைகளைச் சுட்டுக் காப்பாற்றிவிட்டது. 1952-இல் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் மைக்கேல் வென்ட்ரிஸ் அதுவரை யாரும் படிக்க முடியாதிருந்த அந்த எழுத்தைப் படித்தபோது, கிடைத்தவை பெரும்பாலும் ஆடு, கம்பளி, எண்ணெய், தானியம் ஆகியவற்றின் கணக்குகள். நம்முடையதாக எதிர்காலத்துக்குக் கிடைக்கக்கூடிய எழுத்திலும் மனம் திறந்த வாக்குமூலத்தைவிடச் சரக்கிருப்புப் பட்டியல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்தப் பட்டியலிலிருந்து நம்மைப் பற்றி எவ்வளவு ஊகிக்க முடியுமோ, அவ்வளவோடு கதாபாத்திரங்களின் அறிவை நிறுத்திக்கொள்வதே முறை.