நடந்தால் மட்டும் போதுமா?

காரைக்குடியில் அதிகாலை நடைக்குப் போகிறவர்களுக்குக் குறைவில்லை. கேன்வாஸ் ஷூ, கையில் ஸ்டெப்ஸ் எண்ணும் வாட்ச் எல்லாம் உண்டு. ஆனால் விசேஷ வீட்டில் தரையில் பந்தி என்றால் இவர்களில் பலர் நாற்காலி தேடுகிறார்கள். உட்கார்ந்தால் எழ முடியாதே என்ற பயம். 60-ஐத் தாண்டிய நானும் இரண்டு வருஷம் முன்பு வரை அந்தக் கட்சிதான்.

நடை போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 30 வயதுக்குப் பிறகே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையத் தொடங்குகிறது; 60-க்கு மேல் வேகம் கூடுகிறது. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, ஆனால் தொடை வலுப்பெறச் சுமை வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது: வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழகுவது. நாமோ 10,000 ஸ்டெப்ஸைப் பிடித்துக்கொண்டோம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண் அது!

என் அப்பத்தா தசைப் பயிற்சி என்ற சொல்லையே கேட்டதில்லை. அரிவாள்மனை, அம்மி, பந்தி எல்லாம் தரையில்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை உட்கார்ந்து எழுந்திருப்பார்! இப்போது வீட்டின் உள்கட்டான வளவிலும் சோபா வந்துவிட்டது. மூட்டுத் தேய்ந்தவர் தரைக்குப் போக வேண்டாம், உறுதியான நாற்காலி போதும். கையை மார்பில் கட்டிக்கொண்டு எட்டுப் பத்து முறை எழுந்து உட்காருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் பலன். மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும்.

முட்டி வலி வந்ததும் அடியோடு நிறுத்திவிடுவது அடுத்த தவறு. தொடைத் தசை வலுத்தால் முட்டிக்குப் பாரம் குறையும். லேசான வலி மறுநாள் அடங்கினால் தொடரலாம், வீங்கினால் குறைக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், முட்டி வலிக்குப் பயப்படுகிற அதே ஆள் நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் ‘வாயு’ என்று தள்ளிவிடுவார். அதற்குத்தான் உடனே நடையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம், தைப்பூசத்துக்குப் பழனி நடை. மார்கழிக் கடைசியில் பத்து நாள் மட்டும் பழகிவிட்டு ஒரு வருஷம் கிளம்பினேன். சிங்கம்புணரி போவதற்குள் குதிகால் பிடித்துக்கொண்டது, நத்தத்தில் பஸ் ஏறினேன். ஐப்பசியிலேயே தொடங்கி வாரா வாரம் தூரத்தைக் கொஞ்சமாகக் கூட்டியிருக்க வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. முள் குத்தினாலும் தெரியாது. இன்சுலின் போடுகிறவர்கள் பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டில், காலையில் பணியாரம், இரவில் இட்லி என்று அரிசியிலேயே ஓட்டினால் தசைக்கு ஒன்றும் மிஞ்சாது. பருப்பு, முட்டை, மீன் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம்.

சரி, தடுமாற்றம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சிந்தியிருந்தால் கேட்கவே வேண்டாம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தினமும் ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். பழகப் பழக ஒரு விரல் மட்டும் மரத்தைத் தொட்டால் போதும்.