சித்தி கொடுத்த மஸ்காரா தீர்ந்த பிறகு: குறைந்த விலையில் நல்ல மேக்கப் தேடுவது எப்படி

பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு, சொந்தக்காரர்கள் யாராவது பிரான்சிலும் இருந்தால் இந்தக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். லீவுக்கு வரும் சித்தி பெட்டியைத் திறப்பார், சாக்லேட்டும் சென்ட்டும் பங்கு பிரித்து முடித்ததும் "இந்தாடி, நீ வெச்சுக்கோ" என்று ஒரு லான்கோம் மஸ்காராவைக் கையில் திணிப்பார், நாமும் நாலு மாதம் இமையைத் தீட்டிக்கொண்டு ராணி மாதிரி திரிவோம், அப்புறம் ஒரு நாள் அது காய்ந்துபோகும். அடுத்ததை நம் காசில் வாங்கலாம் என்று விலையைப் பார்த்தால் மாத மளிகைச் சீட்டு கண்முன்னே வந்து நிற்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. அன்றைக்கு ஆரம்பித்த தேடல் முற்றிப்போய், இப்போது தெருவில் யார் கேட்டாலும் "அது வேணாம், இத வாங்கு" என்று நாட்டாமை பண்ணும் அளவுக்கு வந்துவிட்டேன்.

டிரக்ஸ்டோர் மேக்கப் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்களே, அதை நம் மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்காதீர்கள். அமெரிக்காவில் மருந்துக்கடையிலேயே லிப்ஸ்டிக்கும் வரிசை கட்டி நிற்கும். நம் ஊரில் வாசலின், லாக்டோ கலமைன், சன்ஸ்கிரீன், அதோடு சரி. நமக்கு அந்த வேலையைச் செய்வது ஃபேன்சி ஸ்டோர். பாண்டியில் என்றால் நேரு வீதி, கடலூர்க்காரர்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு. லாக்மே, எல் 18, மேபெலின், ஸ்விஸ் பியூட்டி, இன்சைட், மார்ஸ், ப்ளூ ஹெவன் மாதிரிப் பெயர்களைத் தேடுங்கள். பாண்டியில் எல்லாமே மலிவு என்று நம்பி கடலூரிலிருந்து பஸ் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே மலிவு குடிக்கிற சரக்குதான். லிப்ஸ்டிக் டப்பாவில் அச்சடித்த எம்.ஆர்.பி. இரண்டு ஊரிலும் ஒன்றே, பஸ் காசு தண்டம்.

சரி, தேடுவது எப்படி? "இந்த மஸ்காராவுக்கு டூப் எது?" என்று, அதாவது அதே மாதிரி மலிவு மாற்று எது என்று, நேராகத் தேடினால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள், பத்தும் வாங்கிப் பார்த்தால் அசல் விலையைத் தாண்டிவிடும். அதற்கு முன்னால், அந்தப் பொருளில் உங்களுக்கு என்ன பிடித்தது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். என் வரி இது: இமை முடி ஒட்டிக்கொள்ளாமல் பிரிந்து நின்றது, மத்தியான வேர்வையில் கண்ணுக்கடியில் கரி இறங்கவில்லை. பெயரும் தங்க நிறக் குழாயும் இந்த வரியில் வரவே இல்லை, கவனித்தீர்களா? முடி பிரிந்து நின்றதற்குப் பாதிக் காரணம் பிரஷ்தான். மஸ்காரா என்பது பெரும்பாலும் தண்ணீர், தேன்மெழுகு மாதிரி மெழுகுகள், கருப்புக்கு இரும்பு ஆக்சைடு, இவற்றின் கலவை. அதனால் தீர்ந்துபோன லான்கோம் பிரஷ்ஷைத் தூக்கிப் போடாமல் பேபி ஷாம்பூவில் நுரை தெளியும் வரை அலசி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவைத்து எடுத்துக்கொண்டேன், மையை மட்டும் மேபெலினில் வாங்கினேன். லான்கோம், மேபெலின் இரண்டுமே லோரியால் குழுமத்துடையவை, மேபெலினை அவர்கள் வாங்கியது 1996 இல். ஒரே முதலாளி என்பதால் இரண்டும் ஒரே சரக்கு என்று சொல்ல வரவில்லை, எங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம் என்பதற்கு அது நல்ல துப்பு, அவ்வளவுதான்.

அடுத்த துப்பு டப்பாவின் பின்பக்கம். பொடி எழுத்தில் இருக்கும், போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படியுங்கள். எது அதிகமாகச் சேர்ந்திருக்கிறதோ அது முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசையில்தான் போட்டிருப்பார்கள், ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை மட்டும் முன்னே பின்னே இருக்கலாம். விலை அதிகமானதையும் குறைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் ஐந்தாறு பெயரை மட்டும் ஒப்பிடுங்கள். "ரோஜா சாறு", "முத்துத் தூள்" என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டது, பின்பக்கப் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் ஒளிந்திருக்கும், அதற்குத்தான் நாம் காசு கொடுத்திருப்போம். சி.ஐ. என்று தொடங்கும் எண்களெல்லாம் நிறமிகள். 77891 டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளை. 77491, 77492, 77499 முறையே சிவப்பு, மஞ்சள், கருப்பு இரும்பு ஆக்சைடுகள். 300 ரூபாய் ஃபவுண்டேஷனிலும் 4,000 ரூபாய் ஃபவுண்டேஷனிலும் இதே நாலு எண்கள் இருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரியும். ஆனால் எவ்வளவு நுணுக்கமாக அரைத்தார்கள், எதில் கலந்தார்கள் என்பதில் வித்தியாசம் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஃபவுண்டேஷன் பட்டியலில் இன்னொன்றும் பாருங்கள். தண்ணீருக்கு அடுத்து, அல்லது தண்ணீருக்கும் முன்னால், டைமெதிகோன், சைக்ளோபென்டாசிலோக்சேன் என்று 'கோன்', 'சிலோக்சேன்' என முடியும் பெயர்கள் இருந்தால் அது சிலிகோன் வகை. அதை சிலிகோன் ப்ரைமர் (ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசுவது) மேலே போடுங்கள். தண்ணீர் வகைக்கு அடியில் கெட்டியான சிலிகோன் ப்ரைமர் போட்டால் பல சமயம் அழுக்குத் திரள்வது மாதிரி உருண்டு உருண்டு வரும், "மலிவு சாமான்னா இப்படித்தான்" என்று ஃபவுண்டேஷனைத் திட்டுவோம், பாவம் அது என்ன செய்யும்.

நிறம் பார்ப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறோம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரியப்பா பெண் கல்யாணத்துக்கு மாக் கம்பெனியின் ரூபி வூ லிப்ஸ்டிக் மாதிரி ஒரு சிவப்பு வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ரூபி வூ என்பது நீலச் சாயல் கொண்ட, துளியும் மினுங்காத சிவப்பு. நேரு வீதியில் ஒரு கடைக்குள் போய் டியூப் லைட் வெளிச்சத்தில் மூன்று சிவப்புகளை முழங்கைக்குக் கீழே உள்பக்கமாகக் கோடு போட்டோம். மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. "அண்ணே, கொஞ்சம் வெளியில போய்ப் பாத்துட்டு வரோம்" என்றேன். "கையில இருக்குறத எடுத்துக்கிட்டு ஓடவா போறீங்க, போயிட்டு வாங்கம்மா" என்றார் கடைக்காரர். வாசலில் பதினொரு மணி வெயில் பட்டதுமே குட்டு வெளிப்பட்டது. முதல் கோடு செங்கல் நிறத்துக்குச் சாய்ந்தது, இரண்டாவது பஞ்சு மிட்டாய், மூன்றாவதுதான் நன்றாகக் கனிந்த மாதுளை முத்தின் சிவப்பு, ஓரத்தில் லேசாக நீலம். அதோடு விடாமல் ரோஸ் மில்க் குடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்து டிஷ்யூ பேப்பரால் ஒரே அழுத்தாகத் துடைத்துப் பார்த்தோம். முதலிரண்டும் பேப்பருக்கு வந்துவிட்டன, மூன்றாவது கையிலேயே நின்றது. வாங்கியது அதைத்தான், 299 ரூபாய். அட்டையில் இருந்த பெயரில் 'பெர்ரி' என்றுதான் போட்டிருந்தது, சிவப்பு என்ற சொல்லே இல்லை, ஆக பெயரை வைத்துத் தேடியிருந்தால் அது எங்கள் கையில் சிக்கியே இருக்காது.

விலையைக் கிராம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2,000 ரூபாய் லிப்ஸ்டிக் 3 கிராம் என்றால் கிராம் 667 ரூபாய். 350 ரூபாய்க்கு 3.5 கிராம் என்றால் கிராம் 100. ஆனால் பார்ப்பதற்கு மலிவாக இருக்கிறதே என்று 150 ரூபாய்க்கு வாங்கும் 1 கிராம் குட்டி லிப்ஸ்டிக் கிராம் 150 ஆகிறது, அதாவது பெரியதைவிட விலை கூடுதல். இதை எதிர்ப்பக்கமாகவும் யோசிக்கலாம். லிப்ஸ்டிக்கை அடிவரை தீர்த்த மகராசி யார்? வருஷத்துக்கு நாலு விசேஷத்துக்குப் போடும் நிறம் என்றால், ஆசைப்பட்ட பெரிய கம்பெனியின் மினி சைஸையே வாங்கிவிடுவது சில சமயம் எல்லா மாற்றுகளையும்விட லாபம். நான் அப்படி இரண்டு வைத்திருக்கிறேன், வெட்கமில்லை.

ஃபவுண்டேஷனில் மட்டும் கை வைக்கும்போது நிதானம். கடையில் நிற்கும் பெண், மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே, "ஒரு ஷேடு தூக்கி எடுங்கக்கா, ஃபோட்டோல எடுப்பா தெரியும்" என்பார். கேட்காதீர்கள். நான் கேட்டேன், ஒரு வளைகாப்பு ஆல்பம் முழுக்க என் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர், கழுத்து செம்மண் தரை. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் வித்தையும் மாநிறத்துக்கும் கருப்புக்கும் சரியாக வருவதில்லை. தாடை ஓரத்திலிருந்து கழுத்துக்கு இறங்குகிற மாதிரி மூன்று ஷேடில் மூன்று கோடு போட்டு, எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதை எடுங்கள். அரை மணி நேரம் பொறுத்து இன்னொரு முறை பாருங்கள், சிலது காற்றுப் பட்டுக் கருத்துவிடும். மலிவு கம்பெனிகளில் ஷேடுகள் குறைவு என்பது உண்மையான குறைதான். அதற்கு ஒரு வழி, ஒரே கம்பெனியில் ஒரே வகையில் கிட்டத்தில் இருக்கும் இரண்டு ஷேடு வாங்கிக் கலப்பது. மேபெலின் ஃபிட் மீயில் 310 எனக்குக் கொஞ்சம் வெளுப்பு, 330 கொஞ்சம் அடர்த்தி. இரண்டும் சேர்ந்தால் நான். வெயில் காலத்தில் 330 இரண்டு சொட்டு கூட. ஏதோ ஒன்று மட்டும் போதுமென்றால் அடர்த்தியானதை வாங்குங்கள், வெளுப்பைவிட அது சரிசெய்ய எளிது.

தாங்குமா தாங்காதா என்பதற்கு எங்கள் வீட்டுப் பரீட்சை ஒன்று உண்டு. காலையில் போட்டுக்கொண்டு, பாண்டி பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மஞ்சக்குப்பத்தில் இறங்கியதும் கண்ணாடி பார்ப்பது. கடல் காற்றும் உப்பு வேர்வையும் சேர்ந்த அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிய பொருள் எந்தக் கல்யாண மண்டபத்தையும் தாண்டும். ஏசி ரூமில் வீடியோ எடுப்பவர்கள் "பன்னிரண்டு மணி நேரம் நிற்கும்" என்று சொல்வதை நம்பி வாங்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு சொன்னால் அதை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்பது 2021 இலிருந்தே இங்கே இருக்கும் விளம்பரத் துறை நெறி, அந்தக் குறிப்பு மூலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் நிறத்தில் இருப்பவர், வெயில் வெளிச்சத்தில், காலையிலும் மாலையிலும் முகத்தைக் காட்டியிருந்தால் மட்டும் காது கொடுங்கள்.

பவுடருக்கும் ஐலைனர் பிரஷ்ஷுக்கும் அதிகம் யோசிக்க வேண்டாம். நிறம் தெரியாத டிரான்ஸ்லூசென்ட் பவுடர் பலவற்றில் டால்க்கும் சிலிக்காவும்தான் பெரும்பங்கு, மலிவானதையே வாங்குங்கள். பிரஷ்ஷுக்கு ஸ்டேஷனரி கடையில் நம்பர் ஜீரோ ட்ராயிங் பிரஷ் போதும்.

இப்போது கசப்பான விஷயம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பெரிய கம்பெனி பெயர் போட்ட லிப்ஸ்டிக் 120 ரூபாய்க்குக் கிடைத்தால் அது மாற்று இல்லை, போலி. "ஃபர்ஸ்ட் காப்பி" என்று பெருமையாகவே சொல்லி விற்பார்கள். ஒரு முறை ஆசைப்பட்டு வாங்கினேன், மூன்றாம் நாள் உதடு வெடித்து மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது, ஒரு வாரம் ரசம் சாதம்கூட வாயில் வைக்க முடியவில்லை. 80 ரூபாய் ஆனாலும் சொந்தப் பெயரில் விற்கும் இந்தியக் கம்பெனிப் பொருளில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், தயாரித்தவர் முகவரி எல்லாம் இருக்கும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாத டப்பாவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள், முக்கியமாகக் கண்ணுக்குப் போடுவதையும் "ஏழே நாளில் வெளுப்பு" கிரீமையும். அந்த மாதிரிக் கிரீம்களில் பாதரசம் கலந்து சிறுநீரகம் வரை பாதித்த கதைகள் உண்டு. நல்ல பொருளே ஆனாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுங்கள், மஸ்காராவைத் திறந்தால் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், பாதி மீதம் இருந்தாலும் சரி.

கடைசியாகக் கண் மை. இதில் விலை உயர்ந்ததைத் தேடுவதே வீண், வேர்வைக்கு நிற்கிற மாதிரி மை செய்ய நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும். 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்ட லாக்மேயோ மேபெலினோ எடுத்து, கையில் கோடு போட்டு, ஒரு நிமிடம் உலரவிட்டு, குழாயடியில் நீட்டித் தேய்த்துப் பாருங்கள், அது போதும். பிரெஞ்சுப் பெயர்தான் வேண்டும் என்றாலும் லாக்மே பிரெஞ்சுப் பெயர்தான், லக்ஷ்மி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம். டாடா 1952 இல் ஆரம்பித்தது, இப்போது இந்துஸ்தான் யூனிலீவர் கையில். போன முறை சித்தி ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் நடுவில் ஒரு டஜன் கண் மை பென்சில் இருந்தது. "அங்க கெடைக்கறது எல்லாம் சாயங்காலத்துக்குள்ள வழிஞ்சிடுதுடி" என்றார்.