ஜூன் ஏரியில் முதல் ட்ரவுட்: குழந்தைகளோடு கூடாரம் போடப் போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலையின் கிழக்குப் பக்கம், 395ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் 158ஆம் சாலையில் ஜூன், கல், சில்வர், கிராண்ட் என்று நான்கு ஏரிகள் வரிசையாக இருக்கின்றன. (‘கல்’ என்பது இங்கே கடற்காக்கை. கல்லைத் தேட வேண்டாம்.) தூண்டிலையே தொடாத குடும்பம் ட்ரவுட் மீன் பிடிக்கத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கரையில் நின்றே வீசலாம். மீன்வளத் துறை பண்ணை மீன்களைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டே இருக்கிறது. ஊட்டி அவலாஞ்சிப் பண்ணையில் பார்த்திருப்பீர்களே, அதே ரெயின்போ ட்ரவுட்தான். அதற்குத் தாய்வீடு இந்தப் பசிபிக் கரை.

1. இடமும் உரிமமும்

கூடாரத் திடல்களுக்கு அரசின் முன்பதிவுத் தளத்தில் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கு முன்பே இடம் பிடித்துவிடுகிறார்கள். கோடை வாரக்கடைசி வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே பதிவு செய்யுங்கள். இந்த ஏரிகளில் மீன்பிடிக் காலம் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை முதல் நவம்பர் 15 வரை. ஓடைகளுக்கு விதி வேறுபடும் என்பதால் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

16 வயது நிறைந்தவர்களுக்கு உரிமம் கட்டாயம். ஒருநாள், இருநாள் உரிமங்களும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. ஆனால் சொல்லித் தருகிறேன் பேர்வழி என்று கோலை நீங்கள் வாங்கி வீசினால், உங்களுக்கும் உரிமம் வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து மீன்தான்.

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலிருந்து வருகிறவர்களுக்கு டையோகா கணவாய் வழி குறுக்குவழி. பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோதான் அது திறக்கும். பனி கொட்டித் தீர்த்த 2023இல் ஜூலை 22 வரை மூடியே கிடந்தது.

2. குளிர்

ஜூன் ஏரி ஏறத்தாழ 7,600 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலையிலும் இரவு பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். முதல் தடவை நாங்கள் காற்றடைத்த மெத்தையைப் போட்டுவிட்டு, தடித்த போர்வைகளை மேலே அடுக்கினோம். மேலே எத்தனை போர்த்தினாலும் மெத்தைக்குள் இருக்கும் காற்று கீழிருந்து ஜில்லென்று ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு மணிக்குப் பிள்ளைகளோடு காருக்குள் போய்ப் படுத்தோம். உடம்புக்கு அடியில் நுரைப்பாய் வேண்டும். தலைக்குக் கம்பளிக் குல்லாய் வேண்டும். மற்றதில் சிக்கனம் பார்க்கலாம்.

சோற்றுக்கும் உயரம் இடைஞ்சல். அங்கே தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நெடுநேரம் ஆகும். அண்டைக் கூடாரத்துக்காரர்கள் விசிலுக்குத் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும், குக்கரை எடுத்துப் போங்கள்.

3. தூண்டில் கட்டுவது

கடையில் நூறு வகை காட்டுவார்கள். தொடங்குகிறவருக்கு ஒரே கட்டு போதும். ரீலோடு சேர்ந்த சாதாரணக் கோல், நான்கு பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்பு, நடுவில் துளையுள்ள ஈயக் குண்டு, சிறிய சுழல் வளையம், 16ஆம் எண் மும்முனை முள், ஒரு டப்பா பவர்பெய்ட் என்ற இரைப் பசை. இவ்வளவுதான்.

நரம்பை ஈயக் குண்டுக்குள் கோத்து, நுனியில் வளையத்தைக் கட்டுங்கள். குண்டு வளையத்தில் தட்டி நிற்க வேண்டும். வளையத்தின் மறுபக்கம் ஒன்றரை அடி நரம்பு, அதன் முனையில் முள். முடிச்சு இப்படி: நரம்பை முள்ளின் காதில் (மேல் துளையில்) நுழைத்து, தன்மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, காதை ஒட்டிய சிறு கண்ணியில் நுனியை விட்டு, அப்போது உண்டாகும் பெரிய கண்ணிக்குள்ளும் நுழைத்துக்கொள்ளுங்கள். எச்சிலால் நனைத்த பிறகே இறுக்க வேண்டும். உலர்ந்த நரம்பை இழுத்தால் உரசிச் சூடேறி வலுவிழந்துவிடும்.

பசையைச் சிறு சீடை அளவு உருட்டி முள் மறையப் பூசுங்கள். வீசுமுன் கரையோரத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மிதக்க வேண்டும், மூழ்கினால் இன்னும் கொஞ்சம் பூசுங்கள். ஈயம் தரையில் கிடக்க, இரை பாசிக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் மிதக்கும். மீன் இழுக்கும்போது நரம்பு குண்டுக்குள் வழுக்கி ஓடுவதால் அதற்குக் கனம் தெரியாது. பசையில் பூண்டு வாசனை வகையும் உண்டு. எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறெதையும் வாங்க விடமாட்டார்கள்.

4. வீசுவது

விடியற்காலையில் போங்கள். கோடையில் மேல்நீர் சூடேறியதும் ட்ரவுட் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஒன்பது மணிக்குப் பிறகு கரையில் நின்று வெயில் காய்வதுதான் மிச்சம். பிள்ளைகளுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பொறுமை இருக்காது, ஆகவே கணக்குச் சரி.

வீசியதும் தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டுக் கோல் நுனியைப் பாருங்கள். முதல் துடிப்புக்கே இழுக்கக் கூடாது. நுனி வளைந்து இறங்கும்போது கோலை நிதானமாகத் தூக்கினால் போதும். இரை வைத்துப் பிடித்த மீனைத் திரும்ப விடுவது புண்ணியம்போலத் தோன்றும். ஆனால் முள்ளை விழுங்கிய மீன்களில் பல பிழைப்பதில்லை. வரம்புக்குள் எடுத்துச் சமைத்துவிடுவதே நேர்மை என்பது என் கட்சி.

5. ஆய்ந்து பொரிப்பது

ட்ரவுட் செதில் மிகப் பொடி, சுரண்ட வேண்டியதில்லை. கழிவுத்துளையிலிருந்து செவுள் வரை வயிற்றைக் கீறி, செவுளோடு குடலையும் இழுத்தெடுங்கள். முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். அதைக் கட்டைவிரல் நகத்தால் வழித்துக் கழுவாவிட்டால் கறி கசக்கும். குடலை ஏரியில் எறியக் கூடாது. மீன் ஆய்வதற்கென மேடை இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் பையில் கட்டிக் குப்பைக்கு.

மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சை தடவிக் கால்மணி நேரம் ஊறியதும் இரும்புச் சட்டியில் தோலோடு பொரியுங்கள். பக்கத்துக்கு நான்கு நிமிடம்.

மீன் வாசனை கரடிக்கும் போகும். கருங்கரடிகள் உலவும் காடு இது. திடலில் ஒவ்வொரு கூடாரத்துக்கும் இரும்புப் பெட்டி வைத்திருந்தால் அரிசி, மசாலா, பவர்பெய்ட், பற்பசை, கழுவிய சட்டி எல்லாம் அதற்குள் போக வேண்டும். காரில் பிஸ்கட் பொட்டலம்கூட இருக்கக் கூடாது, கதவைப் பிய்க்கத் தெரிந்த விலங்கு அது. படுக்கப் போகுமுன் பெட்டியின் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.