போனை ஹாலில் வையுங்கள், பிறகு ஜெபியுங்கள்

ஆபாசப் படப் பழக்கம் பொருத்தனையால் (கடவுளிடம் செய்யும் சபதத்தால்) மட்டும் நிற்காது. என் அனுபவத்தில் விழுவது ஒரே இடத்தில்தான்: படுக்கை, விளக்கு அணைந்தபின், கையில் போன். ஆகவே முதலில் சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். ‘அலாரம் போன்லதானே இருக்கு’ என்று மனசு வாதாடும். சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிவிடுங்கள். எஜமானின் மனைவி பாவத்துக்கு இழுத்தபோது யோசேப்பும் கடைசியில் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடத்தான் செய்தான் (ஆதியாகமம் 39:12).

அடுத்தது வசனம். வனாந்தரத்தில் இயேசு மூன்று சோதனைகளுக்கும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்தே பதில் சொன்னார். நமக்குச் சோதனை வரும் நேரத்தில் வேதத்தைப் புரட்டித் தேட முடியாது. மனப்பாடமாக இருக்க வேண்டும். தொடக்கத்துக்கு, தாங்கும் திராணிக்கு மேல் சோதிக்கப்பட தேவன் விடமாட்டார் என்று சொல்லும் 1 கொரிந்தியர் 10:13 போதும். வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் பாதியிலேயே நழுவிவிடும்.

விழுந்துவிட்டால் பலர் வெட்கப்பட்டு நாலு நாள் ஜெபிக்கமாட்டார்கள். அந்த நாலு நாளில்தான் அடுத்த விழுகை. அன்றிரவே பாவமன்னிப்புக் கேட்கும் ஜெபமான சங்கீதம் 51-ஐ முழங்காலில் வாசியுங்கள். 19 வசனம்தான், ஐந்து நிமிடம். பிறகு நம்பகமான ஒருவரிடம் அறிக்கையிடுங்கள் (யாக்கோபு 5:16). வாரம் ஒருமுறை அவரே போன் செய்து கேட்கட்டும். நீங்களாகச் சொல்வதென்று வைத்தால் சொல்லமாட்டீர்கள்.