கையுறை கடைசியில்தான்: மின்சார வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சார வேலைக்குப் பாதுகாப்பு என்றதும் பலர் கையுறையைத்தான் தேடுகிறார்கள். முதலில் சப்ளையை நிறுத்த வேண்டும், நின்றதா என்று சோதிக்க வேண்டும். கையுறை அதற்கப்புறம். சிங்கப்பூரில் நம்மாட்கள் வேலை செய்யும் இடங்களில் இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

"பிரேக்கரை இறக்கிட்டேன்ணே, நீங்க தொடுங்க" என்று ஒருவர் தூரத்திலிருந்து கத்துவார். அவர் இறக்கியது எதை? பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு எந்தக் காலத்துதோ. நடுவில் யாரோ வயரை மாற்றியிருக்கலாம். சரியான பிரேக்கரையே இறக்கியிருந்தாலும், நீங்கள் டீக்குப் போன நேரத்தில் "இங்க ஏன் கரண்ட் இல்ல?" என்று இன்னொருவர் வந்து ஏற்றிவிடுவார். அதற்குத்தான் பூட்டு. லாக்அவுட், டேக்அவுட்டுக்கென்றே (சப்ளையைப் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டுவது) எஸ்எஸ் 571 என்ற தரநிலை இங்கே இருக்கிறது. நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு, சாவி அவரவர் பையில். சூப்பர்வைசரின் ஒரே பூட்டை நம்பி எல்லாரும் இறங்குவது ஆபத்து. வெறும் அட்டையை டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போவது பூட்டே இல்லை.

பூட்டியாச்சு, சரி. இன்னும் தொடாதீர்கள். டெஸ்ட் பென் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை. உலர்ந்த ஃபைபர் ஏணியில் நின்றால் அது மங்கலாக எரியும். வெளிவெயிலில் எரிந்தாலும் தெரியாது. இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் எல்லாவற்றுக்கும் இடையில் சோதியுங்கள். முடித்துவிட்டு மறுபடி கரண்ட் உள்ள இடத்துக்கே போய், டெஸ்டர் நடுவில் கெட்டுப்போகவில்லை என்று உறுதி செய்யுங்கள். கடைசிப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

பழைய கடைவீடு, பழைய தொழிற்சாலை என்றால் வயர் நிறத்தை நம்பவே வேண்டாம். 2009-க்கு முந்தைய வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கருப்பு நியூட்ரல். இப்போது பழுப்பு, கருப்பு, சாம்பல் ஃபேஸ், நீலம் நியூட்ரல். அதாவது கருப்பும் நீலமும் அப்படியே இடம் மாறிவிட்டன. பாதி புதுப்பித்த கட்டடத்தில் இரண்டு வகையும் ஒரே பெட்டிக்குள் கிடக்கும்.

இப்போது கையுறைக்கு வருவோம். சாமான் தூக்கப் போடும் கோட்டிங் கிளவுஸ் மின்சாரத்துக்கு ஆகாது, ரப்பர் பூசியிருந்தாலும்கூட. மின்காப்புக் கையுறையின் மணிக்கட்டுப் பக்கம் கிளாஸ் அச்சிட்டிருக்கும்: கிளாஸ் 00 என்றால் 500 வோல்ட் வரை, கிளாஸ் 0 என்றால் 1000 வோல்ட் வரை. நம் 230, 400 வோல்ட் இணைப்புகளுக்கு இவை போதும். டூல் பாக்ஸில் டிரில்லுக்கு அடியில் மடித்துத் திணித்தால் மடிப்பில் வெடிப்பு விழும். எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும். போடும் முன் மணிக்கட்டு ஓரத்திலிருந்து சுருட்டிக் காற்றை விரல்களுக்குள் அடைத்து, கன்னத்தருகே வைத்துப் பாருங்கள். லேசாகக் காற்று கசிந்தாலும் குப்பைத் தொட்டிதான். கிழிபடாமல் இருக்க மேலே தோல் கையுறையும் வேண்டும்.

உடையை யாரும் கண்டுகொள்வதில்லை. பாலியெஸ்டர் டி-சர்ட் போட்டுக்கொண்டு மெயின் போர்டு முன் நிற்பது எனக்குப் பிடிக்காத காட்சி. ஆர்க் ஃபிளாஷ் (மின்பொறி பெரிதாகத் தெறிப்பது) வெடித்தால் அந்த டி-சர்ட் உருகித் தோலோடு ஒட்டும்.

மழைநாளில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி) அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைத் தாண்டி வயர் கொடுப்பவர்களும் உண்டு. எங்கோ கசிகிறது என்றுதான் அது சொல்கிறது. ஆனால் ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அது கசிவாகத் தெரியாது, 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபியும் உங்களைக் காப்பாற்றாது.

"சின்ன வேலைதானே" என்று உரிமம் இல்லாதவரை போர்டைத் திறக்கச் சொல்வதும் நடக்கிறது. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் எலெக்ட்ரிசியன் உரிமத்துக்கே 45 கேவிஏ (மின்சுமையின் அளவு) என்று வரம்பு இருக்கிறது. அதற்கு மேல் டெக்னீசியன் அல்லது என்ஜினியர் உரிமம் வேண்டும். சொல்பவர் சூப்பர்வைசராக இருந்தாலும் உரிமம் யாரிடம் என்று கேளுங்கள். கையுறைக்கும் பூட்டுக்கும் சம்பளத்தில் பிடித்தால், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. மனிதவள அமைச்சிடம் புகார் செய்யலாம்.