லினக்ஸில் இருந்து விண்டோஸுக்கு பிஎஸ்பிபி: கம்பைல் பாதியில் நின்றால்

எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கு மாற்றாக க்னூ திட்டம் தரும் கட்டற்ற புள்ளியியல் மென்பொருள் பிஎஸ்பிபி. அதன் விண்டோஸ் பதிப்பை லினக்ஸிலேயே உருவாக்கலாம். டெபியன், உபுண்டுவில் மிங்டபிள்யூ-டபிள்யூ64 பேக்கேஜை நிறுவினால், மூல நிரலை விண்டோஸில் ஓடும் நிரலாக மாற்றும் (கம்பைல் செய்யும்) கம்பைலர் தயார். பிழை வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: தகராறு செய்யும் இந்தக் கோப்பு எந்தக் கணினிக்கானது?

படி 1: கம்பைலுக்கு முன் தேவையானவை உள்ளனவா என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு ஹோஸ்ட் ஆப்ஷன் கட்டாயம். நிரல் எங்கே ஓடப்போகிறதோ அதுதான் ஹோஸ்ட். 64 பிட் விண்டோஸுக்கும் ஹோஸ்டின் பெயர் மிங்டபிள்யூ32 என்றே முடியும், குழம்ப வேண்டாம். டார்கெட் ஆப்ஷன் கம்பைலர் உருவாக்குபவர்களுக்கு, அதைத் தொடாதீர்கள்.

படி 2: முதலில், பிஎஸ்பிபிக்குத் தேவையான ஜிஎஸ்எல் என்ற கணித நூலகத்தை மட்டும் கம்பைல் செய்து, தனி ஃபோல்டரில் நிறுவுங்கள். அதற்கு வேறு நூலகம் எதுவும் தேவையில்லை. அதுவே நின்றால் கோளாறு உங்கள் கருவிகளில்தான்.

படி 3: பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நூலகங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடித்தரும் பேக்கேஜ்-கான்ஃபிக் கருவி, நீங்கள் சொல்லாவிட்டால், லினக்ஸில் ஏற்கெனவே உள்ள, படமும் எழுத்தும் வரையும் கெய்ரோ, பாங்கோ நூலகங்களை எடுத்துக் கொடுத்துவிடும். கான்ஃபிகர் சிரித்த முகத்தோடு முடியும். அப்புறம் துண்டுகளையும் நூலகங்களையும் ஒன்றாக இணைக்கும்போது (லிங்க்), பொருந்தாத நூலகத்தைத் தவிர்க்கிறேன் என்றோ, கோப்பின் வடிவம் புரியவில்லை என்றோ லிங்கர் புலம்பும். பாத் என்று முடியும் பேக்கேஜ்-கான்ஃபிக் மாறி (PKG_CONFIG_PATH), தேடும் இடங்களோடு இன்னொன்றைச் சேர்க்க மட்டுமே செய்யும். பழைய இடங்களும் அப்படியே இருக்கும். லிப்டிர் என்று முடியும் மாறிதான் (PKG_CONFIG_LIBDIR) வழக்கமான இடங்களை நீக்கிவிட்டு, நீங்கள் சொன்ன இடத்தில் மட்டும் தேட வைக்கும். அதில் உங்கள் தனி ஃபோல்டரைக் கொடுங்கள்.

படி 4: திரையில் வரும் கடைசி வரியை நம்பாதீர்கள். கான்ஃபிக் லாக் கோப்பைத் திறந்து, பிழைச் செய்தியைத் தேடி, அதற்குச் சற்று மேலே பாருங்கள். எந்தச் சோதனை நிரல், எந்தக் கட்டளையில் தோற்றது என்று அங்கே இருக்கும்.

படி 5: ஆர்பிஎல்_மாலக் (நினைவகம் ஒதுக்கும் மாலக் செயற்கூறுக்கு மாற்று) கிடைக்கவில்லை என்று ஏதாவதொரு நூலகம் நின்றால் பயப்பட வேண்டாம். சோதனை நிரலை இங்கே ஓட்டிப் பார்க்க முடியாததால் கான்ஃபிகர் அவநம்பிக்கையாக ஊகித்திருக்கிறது. சோதனையின் விடையைச் சேமித்து வைக்கும், மாலக் பற்றிய கேஷ் மாறிக்கு 'யெஸ்' என்று நீங்களே பதில் கொடுத்துவிடலாம்.

ஆப்ஷன் மாற்றும் ஒவ்வொரு முறையும் பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பழைய கேஷ் ரொம்பப் படுத்தும். முதல் தடவை வரைகலை இடைமுகம் இல்லாமலேயே கம்பைல் செய்வது நல்லது; இடைமுகத்துக்கான ஜிடிகே தொடர்பான நூலகங்களின் தொல்லை மிச்சம்.

படி 6: விண்டோஸில் டிஎல்எல் (நூலகக் கோப்பு) இல்லை என்று வந்தால், மிங்டபிள்யூவின் ஆப்ஜ்டம்ப் கருவியை 'பி' (-p) ஆப்ஷனோடு எக்ஸி கோப்பின் மேல் ஓட்டுங்கள். தேவையான டிஎல்எல் பெயர்கள் வரும். அவற்றில் விண்டோஸில் ஏற்கெனவே இல்லாதவற்றை எக்ஸி இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். அந்த டிஎல்எல்களுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள், ஒன்று இன்னொன்றைக் கேட்கும்.