அமெரிக்கக் கட்சிகள் ஓரங்களுக்குப் போனது எப்படி? வாசிகசாலையில் ஒரு விவாதம் நடத்தும் முறை

மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ அமெரிக்க அரசியலைப் பற்றிப் பேச்செடுத்தால், பத்து நிமிடத்துக்குள் அது ட்ரம்ப் நல்லவரா கெட்டவரா என்பதில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு குரல்தான் ஏறும், விஷயம் ஏறாது. அந்த இரண்டு கட்சிகளும் எப்போது, எந்த விஷயத்தில், எவ்வளவு தூரம் விலகின என்பதை ஒன்றரை மணி நேரத்தில் ஒழுங்காகப் பேசி முடிக்க வேண்டுமானால் கொஞ்சம் முன்னேற்பாடு தேவை. சனசமூக நிலையத்திலோ வாசிகசாலையிலோ நடத்தலாம். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அங்கே குடியுரிமை எடுத்து வாக்களிக்கிற சொந்தக்காரர் உள்ளவர்கள் ஆகிய மூன்று வகையினரும் கலந்திருந்தால் நல்லது. 21 பேர் மிகப் பொருத்தமான எண்ணிக்கை. காரணம் பின்னால் வரும் கயிற்று விளையாட்டில் தெரியும்.

பட்டிமன்றமாக வைக்காதீர்கள். பட்டிமன்றத்தில் பேச்சாளர் தன் அணியை விட்டு ஓர் அங்குலமும் நகர முடியாது, நடுவர் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஆதாரத்தைப் பார்த்து ஒருவர் மனம் மாற இடமே இராது. கதிரைகளை வட்டமாகப் போடுங்கள், நடத்துபவர் ஒருவர், மணி அடிக்க ஒருவர், ஆளுக்கு இரண்டு நிமிடம். அவ்வளவும் போதும்.

கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

"மறுகா, ஆர்தான் கூடத் தீவிரம் எண்டு சொல்லுங்கவன்" என்று யாராவது தொடக்கத்திலேயே கேட்பார்கள். அதை ஒரே கேள்வியாக எடுத்தால் விவாதம் அங்கேயே கெட்டுவிடும். டிமை தாளில் பெரிய எழுத்தில் மூன்று கேள்விகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒன்று: கொள்கையில் இரு கட்சிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம்? இரண்டு: ஒரே கட்சிக்காரர் எவ்வளவு தூரம் ஒரே மாதிரி வாக்களிக்கிறார்கள்? மூன்று: ஒரு கட்சி ஆதரவாளர் மறு கட்சிக்காரரை எவ்வளவு வெறுக்கிறார்? பேச எழும்புகிறவர் முதலில் எண்ணைச் சொல்ல வேண்டும். எண் சொல்லாமல் தொடங்கினால் மணி. இந்த ஒரு விதியைக் கறாராக வைத்தால் பாதிச் சண்டை தானாக அடங்கும். மூத்தவர்களுக்கும் விதி விதிதான்.

இதே தாளின் மூலையில் நிறத்தையும் குறித்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு அங்கே சிவப்பு என்றால் குடியரசுக் கட்சி, நீலம் என்றால் ஜனநாயகக் கட்சி. நம் ஊரில் சிவப்பைக் கண்டால் ஜே.வி.பி., நீலத்தைக் கண்டால் சுதந்திரக் கட்சி. வரைபடத்தைக் காட்டி "சிவப்பு மாநிலம்" என்றதும் பின்வரிசையில் இருப்பவர் இடதுசாரி மாநிலம் என்று விளங்கிக்கொண்டு அரை மணி நேரம் தலைகீழாகப் பேசுவார்.

ஐந்து வாக்கெடுப்புத் தாள்

கூட்டத்தின் முதல் 25 நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஓர் ஏ4 தாளில் ஐந்து சட்டங்களின் பெயரை மட்டும் எழுதி ஆளுக்கொரு போட்டோகொப்பி கொடுங்கள். கட்சி விபரத்தை நடத்துபவர் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் எந்தக் கட்சி ஆதரித்திருக்கும் என்று எல்லாரும் பென்சிலால் எழுதட்டும். பிறகு விடையைச் சொல்லுங்கள்.

1964 குடிசார் உரிமைச் சட்டம் செனட் என்ற மேற்சபையில் 73க்கு 27 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியில் 46 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு. குடியரசுக் கட்சியில் 27 ஆதரவு, 6 எதிர்ப்பு. கறுப்பினத்தவரின் உரிமைச் சட்டத்தை விகிதப்படி கூடுதலாக ஆதரித்தது குடியரசுக் கட்சி என்றதும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு வரும். அதை அவசரப்பட்டு அடக்க வேண்டாம். 1965இல் முதியோருக்கான மெடிகேயார் மருத்துவக் காப்புறுதித் திட்டம் பிரதிநிதிகள் சபையில் இறுதி வாக்குக்கு வந்தபோது குடியரசுக் கட்சி கிட்டத்தட்ட நடுவால் பிளந்தது: 70 ஆதரவு, 68 எதிர்ப்பு. 1993இல் கனடா, மெக்சிக்கோவுடனான நாப்டா தடையற்ற வர்த்தக உடன்படிக்கை. ஜனாதிபதி கிளின்டன் ஜனநாயகக் கட்சிக்காரர். பிரதிநிதிகள் சபையில் அவருக்குக் கிடைத்த ஆதரவு வாக்குகளில் 132 எதிர்க்கட்சியினுடையவை, 102 சொந்தக் கட்சியினுடையவை. 2010இல் ஒபாமாவின் சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் 219க்கு 212. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்கும் இல்லை. 2017 வரிக்குறைப்புச் சட்டத்துக்கு ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு வாக்கும் இல்லை.

ஐந்தையும் வரிசையாகப் பார்த்தால் இரண்டாம் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அன்று ஒவ்வொரு கட்சிக்குள்ளும் இரண்டு கட்சிகள் இருந்தன. தெற்கு மாநிலங்களின் பழமைவாதிகள் ஜனநாயகக் கட்சியிலும், வடகிழக்கின் தாராளவாதிகள் பலர் குடியரசுக் கட்சியிலும் இருந்தார்கள். 1964க்குப் பிறகு தெற்கு மெல்ல மெல்லக் கட்சி மாறியது. தென் கரோலினாவின் செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் அதே ஆண்டிலேயே தாவிவிட்டார். அதாவது ஆட்களின் எண்ணம் மாறியதைவிட, ஒரே எண்ணமுள்ளவர்கள் ஒரே கட்சிக்குள் வந்து சேர்ந்தது பெரிய மாற்றம். இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லலாம். 1950இல் அமெரிக்க அரசியல் விஞ்ஞானச் சங்கத்தின் குழுவொன்று நீண்ட அறிக்கை விட்டது. அவர்களுடைய குறை என்ன தெரியுமா? கட்சிகளுக்குள் ஒற்றுமை போதாது, வாக்காளர் தெரிவு செய்யும் அளவுக்கு இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை என்பது!

முதலாம் கேள்விக்கு எந்த அளவுகோல்?

இங்கேதான் இரு பக்கமும் ஆளுக்கொரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முட்டும். இரண்டு எண்ணும் சரியாக இருக்கலாம், அளந்த பொருள்தான் வேறு.

காங்கிரஸ் என்ற அவர்களுடைய நாடாளுமன்றத்தின் இரு சபை உறுப்பினர்களின் வாக்குகளை வைத்து -1 (இடது) முதல் +1 (வலது) வரை புள்ளி போடும் நொமினேட் என்ற முறை உண்டு. கீத் பூல், ஹவார்ட் ரொசந்தால் என்ற இருவர் உருவாக்கியது. வோட்வியூ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இதன்படி 1970களிலிருந்து இரு கட்சிகளும் நடுவை விட்டு விலகியிருக்கின்றன, குடியரசுக் கட்சி கூடுதல் தூரம் போயிருக்கிறது. பியூ ஆய்வு நிலையம் 2022இல் இதே புள்ளிகளை வைத்துப் பார்த்தபோது, 1971–72 காங்கிரஸில் 160க்கு மேல் இருந்த மிதவாதிகள் ஏறக்குறைய இரண்டு டசினாகச் சுருங்கியிருந்தார்கள். மறுபக்கம், பொதுமக்களிடம் கலப் நிறுவனம் கேட்ட கேள்வியில் வேறு படம் தெரியும். தங்களைத் தாராளவாதி என்று சொல்லும் ஜனநாயகக் கட்சியினர் 1994இல் நான்கில் ஒரு பங்கு. அண்மை ஆண்டுகளில் பாதியளவுக்கு வந்துவிட்டார்கள். குடியரசுக் கட்சியில் பழமைவாதிகள் அன்றும் பெரும்பான்மை, இன்றும் பெரும்பான்மை. ஆகவே அரசியல்வாதியை அளந்தால் ஒரு கட்சி கூட நகர்ந்தது போலவும், ஆதரவாளரை அளந்தால் மற்றது கூட நகர்ந்தது போலவும் தெரியும்.

அளவுகோலின் குறையையும் சொல்லுங்கள், பிள்ளைகள் அதைக் கேட்டால் எண்களைக் கண்மூடி நம்பமாட்டார்கள். அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் போன்ற இடதுசாரிகள், சட்டமூலம் போதாது என்று சொந்தக் கட்சிக்கே எதிராகச் சில வேளை வாக்களிப்பார்கள். அந்த வாக்கு குடியரசுக் கட்சியின் வாக்கோடு சேர்ந்து விழுவதால் நொமினேட் அவரை மிதவாதி போலக் காட்டும். இன்னொன்று இறக்குமதித் தீர்வை. நாப்டாவுக்குக் கூடுதல் வாக்குப் போட்ட கட்சிதான் 2025இல் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதம் என்று அறிவித்து, பிறகு 30, கடைசியில் 20 என்று இறக்கிய ஜனாதிபதியின் கட்சி. இது இடதா வலதா? ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் யாராவது வட்டத்தில் இருந்தால் இந்தக் கேள்வியை அவரிடம் விடுங்கள்.

கயிற்று விளையாட்டு

நம்மவர்களுக்கு மிகவும் விளங்காத இடம் முன்தேர்தல். இங்கே வேட்புமனுவில் யார் பெயர் வரும் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. அங்கே கட்சி வேட்பாளரையே வாக்காளர்தான் தனித் தேர்தலில் தெரிவு செய்கிறார். ஜனாதிபதித் தேர்தல் இல்லாத நடுத்தவணை ஆண்டுகளில் அந்த முன்தேர்தலுக்குப் போகிறவர்கள் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். பேச்சால் விளக்குவதைவிட நிற்கவைத்துக் காட்டுங்கள்.

மண்டபத்தின் குறுக்கே ஒரு கயிற்றைப் போட்டு, 21 பேரையும் 1 முதல் 21 வரை எண் கொடுத்து வரிசையாக நிறுத்துங்கள். 1 கடைசி இடது, 21 கடைசி வலது, 11 நட்டநடு. 1–9 ஒரு கட்சி, 13–21 மற்றக் கட்சி, 10–12 கட்சி சாராதவர். ஒவ்வொருவரும் தனக்குக் கிட்ட நிற்கும் வேட்பாளருக்கே வாக்களிக்க வேண்டும். இப்போது முன்தேர்தலுக்கு 1–5, 17–21 மட்டும் போகட்டும், மற்றவர்கள் கதிரையில் இருக்கலாம். அந்த ஐவரின் நடு ஆள்தான் வெல்வார்: ஒரு பக்கம் 3, மறுபக்கம் 19. பொதுத் தேர்தலுக்கு எல்லாரையும் எழுப்புங்கள். 10 மூன்றின் பக்கம் போவார், 12 பத்தொன்பதின் பக்கம் போவார். 11ஆம் ஆள் இரண்டுக்கும் சரியாக எட்டு எட்டுத் தூரத்தில் நின்று முழிப்பார். அவர் முழிக்கிறதை எல்லாரும் பார்க்கட்டும், அதுதான் பாடம்.

அடுத்து அலாஸ்கா முறை. 2020இல் அங்கே வாக்காளர் ஏற்று, 2022இல் நடைமுறைக்கு வந்தது: எல்லாரும் ஒரே முன்தேர்தல், முதல் நால்வர் பொதுத் தேர்தலுக்கு, அங்கே விருப்பு வரிசை. 3, 8, 15, 20 ஆகிய நால்வரும் நிற்கட்டும். முதல் எண்ணலில் 5, 6, 6, 4 என்று விழும். 20 கழிகிறார், அவருடைய நால்வரும் 15க்குப் போக அவருக்கு 10. அடுத்து 3 கழிகிறார், அவருடைய ஐவரும் 8க்குப் போக 11. எட்டாம் ஆள் வெற்றி. விருப்பு வரிசையை நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பு எண்ணியதைப் பார்த்தவர்கள்தானே.

ஆனால் விளையாட்டு முடிந்ததும் "அப்ப முன்தேர்தலை மாத்தினால் சரி" என்று யாராவது சொல்வார்கள். அவசரம். முன்தேர்தலைக் கட்சிக்கு வெளியே உள்ளவர்களுக்கும் திறந்துவிட்ட மாநிலங்களில் மிதவாதிகள் கூடினார்களா என்று தேடிய ஆய்வுகள் பெரிய வித்தியாசம் எதையும் காணவில்லை. தொகுதி எல்லையை வளைத்துக் கீறுவதுதான் காரணம் என்பாரும் வருவார்கள். அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: செனட்டுக்கு மாநில எல்லைதான் தொகுதி, அதை யாரும் மாற்றிக் கீறுவதில்லை, பிறகேன் செனட்டும் அதேபோல் பிளந்தது?

மூன்றாம் கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள்

வெறுப்புக் கணக்கைத் தொடக்கத்தில் எடுத்தால் மற்ற இரண்டும் எடுபடாது. ஆதாரம் எளிது. பிள்ளை மறு கட்சிக்குடும்பத்தில் கலியாணம் செய்தால் மனவருத்தமா என்று 1960இல் கேட்டபோது இரு கட்சியிலும் ஏறக்குறைய இருபதில் ஒருவர்தான் ஆம் என்றார். 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதிப் பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர். கொம்புமுறி என்ற ஊர் விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரு அணியினரும் வசைபாடிவிட்டு அடுத்த மாதமே சம்பந்தம் பேசுவதை வைத்து விளக்கினால் மட்டக்களப்பில் உடனே பிடிபடும்: அமெரிக்காவில் வசை ஓய்வதில்லை, சம்பந்தமும் குறைகிறது.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரரை ஸூமில் எடுப்பதானால் இந்தப் பகுதிக்கு எடுங்கள். கோடைகாலத்தில் நமக்கு மாலை 7 மணி என்றால் நியூயோர்க்கில் காலை 9.30, கலிபோர்னியாவில் காலை 6.30, நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தைப் பின்தள்ளியதும் இன்னும் ஒரு மணி நேரம் முந்திவிடும். கிரீன் கார்ட் மட்டும் உள்ளவருக்கு ஜனாதிபதி, காங்கிரஸ் தேர்தல்களில் வாக்கில்லை, ஆகவே முதலில் குடியுரிமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று மாமாவையோ அக்காவையோ சபையில் கேட்க வேண்டாம். வாக்குச்சீட்டில் என்ன இருந்தது, முன்தேர்தலுக்குப் போனீர்களா, போகாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். இரண்டு பேரை எடுத்தால் வெவ்வேறு மாநிலத்தவராக இருக்கட்டும்.

நவம்பரில் வைத்தால் மாரிமழை. தகரக்கூரை மண்டபத்தில் மழை பிடித்தால் ஸ்பீக்கர் வைத்தாலும் கேட்காது. ஒக்டோபருக்குள் முடிப்பது புத்தி. நம் நாட்டில் தேர்தல் அறிவித்த காலத்திலும் வேண்டாம், எந்தக் கூட்டமும் யாரோ ஒருவரின் கூட்டமாகவே பார்க்கப்படும். உள்ளூர்க் கட்சிகளோடு ஒப்பிட ஆசைப்படுகிறவர்களுக்குக் கடைசி 15 நிமிடத்தைக் கொடுங்கள், அதற்கு முன் ஒரு நிமிடமும் கொடுக்காதீர்கள். பிளேன்டீயை அந்த 15 நிமிடத்தோடு சேர்த்து வைத்தால் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும்.